கிட்டிப்புள்: அடியும் அளவும்

1. பெயர்

கிட்டிப்புள், கில்லி, கொங்கு நாட்டில் சில்லாங்குச்சி. பெயர்தான் ஊருக்கு ஊர் மாறுகிறது. கோல் ஒன்றும் குச்சி ஒன்றும் எங்கும் மாறுவதில்லை. கோல் கிட்டி, குச்சி புள். பழந்தமிழில் புள் என்றால் பறவை. தரையில் கிடந்த குச்சி ஒரு தட்டில் எழும்பிப் பறப்பதைப் பார்த்தவர்தான் அந்தப் பெயரை வைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

2. கருவி

கிட்டி ஏறத்தாழ ஒன்றரை அடி. புள் 3 அங்குலம், சற்றுக் கூடலாம். புளி, வேம்பு, கருவேலம் போன்ற கனத்த மரமே நல்லது. முருங்கைக் குச்சி நாலு அடியில் பிளந்துவிடும். புள்ளின் இரு முனைகளையும் சீவ வேண்டும். இந்தச் சீவலில்தான் ஆட்டமே இருக்கிறது. நடுப்பகுதி தடித்து, முனைகள் தரையில் படாமல் சற்றே தூக்கி நின்றால்தான் தட்டும்போது புள் எழும்பும். ஊசிபோலக் கூராக்கக் கூடாது, கண்ணுக்கு ஆபத்து.

3. ஆட்டம்

தரையில் சிறு நீள்குழி. அதன் குறுக்கே புள்ளை வைத்து, கிட்டியை அடியில் கொடுத்து நெம்பி எறிய வேண்டும். எதிரணியினர் அந்தரத்தில் பிடித்துவிட்டால் ஆடுபவர் அவுட். தவறினால், கிட்டியைக் குழியின் மேல் குறுக்காக வைப்பார்கள். புள் விழுந்த இடத்திலிருந்து எதிரணிக்காரர் அதை எறிவார். கிட்டியில் பட்டாலும் அவுட்.

தப்பியவருக்குத்தான் அடி. புள்ளின் ஒரு முனையில் கிட்டியால் தட்டுகிறார். மணிக்கட்டு மட்டும் அசைய வேண்டும். தோள் அசைந்தால் புள் எழாமல் தரையோடு ஓடிவிடும். சரியாகத் தட்டினால் அது சுழன்றபடி இடுப்பளவுக்கு வரும். ஏறி முடித்து, இறங்கத் தொடங்கும் அந்த நொடியில் வீச வேண்டும். அவசரக்காரர்களின் கிட்டி வெறுங்காற்றைத்தான் அடிக்கும். பல ஊர்களில் இதற்கு மூன்று வாய்ப்புகள் தருவார்கள்.

4. அளவை

அடித்த கோலே அளவுகோலும் ஆவதுதான் இவ்விளையாட்டின் தனிச்சிறப்பு. புள் விழுந்த இடத்துக்கும் குழிக்கும் இடையே எத்தனை கிட்டி என்பதே புள்ளி. சில ஊர்களில் உடனே அளப்பதில்லை. ஆடியவர் கண்ணால் மதிப்பிட்டு, "நாப்பது கேக்குறேன்டா" என்பார். எதிரணி ஒப்புக்கொண்டால் நாற்பது. சந்தேகப்பட்டால் அளந்து பார்ப்பார்கள். குறைந்தால் கேட்டவர் அவுட், எட்டினால் கேட்டது கிடைக்கும். நடுவர் இல்லாத ஆட்டத்தில் பேராசைக்கு இதைவிட நல்ல கடிவாளம் எனக்குத் தெரியவில்லை. குழந்தைகளுக்கு இதைக் கற்றுக்கொடுப்பவர்கள் அடியை மட்டும் சொல்லி, இந்தக் கேட்டலை விட்டுவிடக் கூடாது.

எண்ணிக்கையில் இன்னொரு வியப்பும் உண்டு. மகாராட்டிரத்தில் இதே ஆட்டம் விட்டி தாண்டு. மராத்தியில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்பவை ஏக், தோன், தீன், சார். ஆனால் விட்டி தாண்டு ஆடும்போது மரபாக வழங்கும் எண்கள் வகட், லேண்ட், மூண்ட், நால். தெலுங்கின் ஒகட்டி, ரெண்டு, மூடு, நாலுகு என்பவற்றோடு வைத்துப் பார்த்தால் உறவு காதிலேயே தெரிகிறது. கணக்குப் பாடத்தில் ஏக், தோன் என்று சொல்லும் வாய், குழிக்கரைக்கு வந்ததும் திராவிட எண்களுக்கு மாறிவிடுகிறது.