கதையில்லை, பாட்டுண்டு: ‘ஏன்ட் மிஸ்பிஹேவின்’ மேடை இசைநிகழ்ச்சி

அமெரிக்காவின் பிராட்வே அரங்குகளில் இசைநாடகம் என்றால் பெரும்பாலும் ஒரு கதை இருக்கும். கதையே இல்லாமல், பாடல்களையும் ஆடலையும் மட்டும் கோத்து மேடையேற்றும் வகையும் உண்டு. அதை ‘ரெவ்யூ’ என்பார்கள். அவ்வகையில் பெரும் வெற்றி கண்டது ‘ஏன்ட் மிஸ்பிஹேவின்’. ‘நான் தப்புத்தண்டா எதுவும் செய்வதில்லை’ என்பது தலைப்பின் பொருள்.

இது பியானோ கலைஞர் ஃபேட்ஸ் வாலரின் பாடல்களுக்குச் செய்த சிறப்பு. ரிச்சர்ட் மால்ட்பி, மர்ரி ஹோர்விட்ஸ் இருவரும் உருவாக்கிய இந்நிகழ்ச்சி, 1978 மே மாதம் நியூயார்க்கின் லாங்கேக்கர் அரங்கில் தொடங்கி, 1,600 காட்சிகளைக் கடந்தது. மேடையில் பாடகர்கள் ஐவர் மட்டுமே. அவர்களுடன் ஒரு பியானோவும் சிறிய வாத்தியக் குழுவும். அவ்வாண்டின் சிறந்த இசைநாடகத்துக்கான டோனி விருது இதற்கே கிடைத்தது. ஐவரில் ஒருவரான நெல் கார்ட்டரும் டோனி விருது பெற்றார்.

யார் இந்த வாலர்?

1904-இல் நியூயார்க்கில் பிறந்தவர். சிறுவயதிலேயே தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தார். பிறகு ஜேம்ஸ் பி. ஜான்சனிடம் ‘ஸ்ட்ரைட்’ பாணியைக் கற்றார். இப்பாணியில் இடது கை தாழ்ந்த சுரத்துக்கும் நடுக்கட்டைகளின் சுரக்கூட்டுக்கும் மாறிமாறித் தாவித் தாளம் பிடிக்கும். வலது கை மெட்டை வாசிக்கும். பியானோ ஒன்றே முழு வாத்தியக் குழுவின் வேலையைச் செய்துவிடும்.

சிரிப்புக்குப் பின்னால்

வாலர் கேலியும் குறும்புமாகப் பாடியவர். ஆனால், அவர் மெட்டமைத்த ‘பிளாக் அண்ட் புளூ’ வேறு ரகம். ஆண்டி ராசாஃப் எழுதிய அப்பாடல், தோல் நிறத்தால் ஒருவர் படும் துயரத்தைச் சொல்கிறது. 1929-இல் ‘ஹாட் சாக்லெட்ஸ்’ என்ற நிகழ்ச்சிக்காக இதுவும் தலைப்புப் பாடலும் எழுதப்பட்டன. அந்த நிகழ்ச்சி பிறந்த ஹார்லெம் கேளிக்கை விடுதியில் மேடையில் கறுப்பினக் கலைஞர்கள். பார்க்க வந்தவர்களோ வெள்ளையர்கள். அந்தச் சூழலில் இப்படியொரு பாடலைப் பாடியது துணிச்சலான செயல்.

1978 நிகழ்ச்சியிலும், இரவு முழுவதும் ஆடிச் சிரிக்க வைத்த ஐவரும், முடிவை நெருங்கும்போது ஆட்டத்தை நிறுத்திவிட்டு இதை ஒரே குரலாகப் பாடுகிறார்கள். அதுவரை கேட்ட வேடிக்கைப் பாடல்களின் பொருளே அங்கு மாறிவிடுகிறது.

வாலர் தம் பாடல்கள் பலவற்றின் உரிமையைப் பணத்தேவையால் சொற்பத் தொகைக்கு விற்றவர். 1943 டிசம்பரில், ரயில் பயணத்தின்போது நிமோனியாக் காய்ச்சலால் இறந்தபோது அவருக்கு வயது 39. தம் பெயரில் பிராட்வேயில் இத்தனை இரவுகள் கைத்தட்டல் ஒலிக்கும் என்பதை அவர் காணவில்லை. ஆனாலும், அவர் விட்டுச்சென்ற மெட்டுகளே அவர் கதையை மேடையில் சொல்லிக்கொண்டிருக்கின்றன.