துக்கம் என்னும் சொல்

வீதியில் எதிர்ப்படும் ஒருவரைச் "சுகமோ?" என்று நாம் கேட்கிறோம். அவ்வேளை ஒரு தேர்ச் சில்லைப் பற்றி விசாரிக்கிறோம் என்று எவரும் எண்ணுவதில்லை. ஆயின், இருக்கு வேதத்திலே 'சுக' என்னுஞ் சொல் தேருக்கே அடையாக வருகின்றது; இலகுவாய் ஓடுந் தேர் என்பது பொருள். 'க' என்பது துளை. சில்லின் குடத்தில் அச்சு நுழையுந் துளை என்பர். துளை செம்மையாயிற் பயணம் சுகம்; பழுதாயின் துக்கம். மாட்டு வண்டியில் நெடுந்தூரம் போன எம் முதியோருக்கு இதற்கு உரை வேண்டுவதில்லை.

இவ்விளக்கத்தை எல்லாரும் ஒப்புவதில்லை. மோனியர் வில்லியம்சின் வடமொழி அகராதி (1899), நிலைகெட்டது என்று பொருள்படும் 'துஸ்த' என்பதே பிராகிருத வாய்ப்பட்டுத் துக்கமாயிற்று எனக் கொள்வது பொருந்தும் என்கின்றது. எமக்குத் தேர்ச் சில்லே உகந்தது. ஆயினும் உகப்பு வேறு, சான்று வேறு.

பாளி மொழியில் இச்சொல் பெரிதும் விரிந்தது. நோவும் அழுகையும் மட்டுமன்று, மாறிப்போகும் இன்பமுங்கூட அங்கே 'துக்க' எனப்படும். 1864இல் இலங்கைச் சிவில் சேவைக்கு வந்து, பின் பாளி ஆராய்ச்சியிற் புகழ்பெற்ற ரைஸ் டேவிட்ஸ், ஸ்டீடுடன் தொகுத்த அகராதியில், இதற்கு ஈடான ஆங்கிலச் சொல் இல்லையென்றே கூறிவிட்டார். அப்படியிருந்தும் வருத்தம் என்னும் ஒற்றைப் பொருளில் ஆங்கிலத்திற் படித்துவிட்டு, பௌத்தம் அழுகைச் சமயம் என்று எம்மவர் சிலர் பேசுவதைக் கேட்டிருக்கிறோம். பழுது சமயத்திலன்று, பெயர்ப்பிலே. சீனத்து மொழிபெயர்ப்பாளர் வேறு வழி சென்றனர். கசப்பு என்னும் நாச்சுவைச் சொல்லையே எடுத்தாண்டனர்.

மலாயில் 'டுக்கா' துயரம், 'சுக்கா' மகிழ்ச்சி, விருப்பமும் அதுவே. சிங்களத்தில் 'துக' அன்றாடச் சொல். கவலைக்கும் கஷ்டத்துக்கும் அதுவே வரும்.

தமிழிலோ இடர், அல்லல், இன்னல், இடும்பை என ஏற்கெனவே வீடு நிறைந்திருந்தது. விருந்தாய் வந்த துக்கம் பெரும்பாலும் இழவு வீட்டில் ஒதுங்கிற்று. துக்கம் விசாரிக்கப் போகிறோம் என்றால் எங்கே என்று யாரும் கேளார். ஆகவே 'எல்லாம் துக்கம்' என்னும் பௌத்தர் கூற்று தமிழ்ச் செவிக்குப் பறையொலியாய்க் கேட்பதில் வியப்பில்லை. மணிமேகலை ஆசிரியர் சாத்தனார் இதனை உணர்ந்தார் போலும். புத்தர் கண்ட உண்மையைத் தமிழருக்கு உரைக்குமிடத்து அவர் கைக்கொண்ட சொல் துன்பம். அதற்கு எதிரே நிறுத்தியது இன்பம். சுகமும் துக்கமும் ஒன்றையொன்று தொட்டு ஒலிப்பது போலவே இவ்விரண்டும் ஒலிக்கின்றன.