கொள் வந்த வழி

எழுமலைப் பக்கம் 'பாத்துக்க' என்று தமிழும் கேட்கும், 'சூசுகோ' என்று தெலுங்கும் கேட்கும். தெலுங்கு பேசும் குடும்பங்கள் நாயக்கர் காலத்திலிருந்தே மதுரைச் சீமையில் உண்டு. இரண்டு சொல்லின் வாலிலும் ஒட்டியிருப்பது ஒரே வினை: கொள்.

அது கல்லேறிய இடமும் அதிக தூரமில்லை. ஆண்டிபட்டி வட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்த நடுகற்களில் ஒன்று, கூடல் ஊர் ஆகோளில் மாண்ட தீயன் அந்தவனுக்கு எடுத்தது. எழுத்து தமிழ் பிராமி. ஆகோள் என்றால் மாடு கவர்தல். தொல்காப்பியம் வெட்சித் திணையில் சொல்லும் அதே சொல். கொள் நீண்டு கோளாகிறது. கெடு கேடாகிறது, படு பாடாகிறது. முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று பள்ளியில் உருப்போட்ட விதி, செத்த வீரனின் கல்லில் கிறிஸ்துவுக்கு முன்பே இருக்கிறது.

ஜெர்மானிய மொழிகளின் பழைய வினைகளைத் தேடுபவர்களுக்கு இந்த வசதி குறைவு. டென்மார்க்கின் காலெஹுஸில் 1734இல் கிடைத்த பொற்கொம்பில், சுமார் கி.பி. 400ஐச் சேர்ந்த ரூன் எழுத்தில் 'தவிதோ' (செய்தேன்) என்றொரு வினை இருந்தது. 1802இல் ஒரு திருடன் கொம்பை உருக்கிவிட்டான். முன்னமே படம் வரைந்து வைத்திருந்ததால் வினை பிழைத்தது. நடுகல்லை உருக்க முடியாது, நல்லவேளை.

ஆனாலும் கல்லுக்கு முந்திய கொள் எப்படி இருந்தது என்பதற்குக் கல் சாட்சி சொல்லாது. உறவுக்காரர்களைத்தான் விசாரிக்க வேண்டும். 1816இல் எல்லிஸ் தெலுங்கு, கன்னட, தமிழ் வேர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். 1856இல் கால்டுவெல் இந்தத் திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணமே எழுதினார். 1961இல் பர்ரோவும் எமனோவும் அவற்றின் உறவுச் சொற்களை அகராதியாக்கினார்கள். மலையாளத்திலும் கன்னடத்திலும் கொள். தெலுங்கில் கொனு, ஒடிசா மலைகளின் கூயி மொழியில் கொட. இரண்டுக்கும் 'விலைக்கு வாங்கு' என்ற பொருள் உண்டு. நம்மிடம் அந்தப் பொருள் கொள்முதலில் ஒளிந்திருக்கிறது. பெண் எடுப்பதிலும்தான்: கொண்டான் கொடுத்தான் வீடு என்கிறோமே!

பெரிய சேதி பொருளில் இல்லை, வாலில் இருக்கிறது. 'தனக்காகச் செய்தல்' என்ற துணைவினை வேலையைத் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் இந்த வினையே பார்க்கிறது. மூவரும் தனித்தனியே யோசித்து இதற்கு வந்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. பிரியும் முன்பே தொடங்கிய பழக்கமாகத்தான் தோன்றுகிறது.

மதுரைப் பேச்சில் கொண்டு தேய்ந்து கிட்டு ஆனது: 'வந்துக்கிட்டிருக்கேன்'. 'எடுத்துக்க' என்பதில் அதுவும் போய் ககரம் மட்டும் மிச்சம். ஆனால் 'இந்தச் சாக்கு எம்பது கிலோ கொள்ளும்' என்னும்போது மட்டும், ளகரம் சிதையாமல் முழு வினையாகவே நிற்கிறது.