ஷேக்ஸ்பியர் அண்ட் கம்பெனி (பாரிஸ்)

பாரிஸ் நகரில் செய்ன் நதியின் இடக்கரையில், நோத்ரதாம் பேராலயத்தைப் பார்த்தபடி, பூஷ்ரி தெரு 37ஆம் எண் கட்டடத்தில் இயங்கும் ஆங்கிலப் புத்தகக் கடை. வெளிநாட்டுப் பயணிகள் தேடிவந்து வரிசையில் நின்று நுழையும் புத்தகக் கடைகளில் உலகப் பெயர் பெற்றது. இந்தப் பெயரில் பாரிஸில் இரண்டு கடைகள் இருந்திருக்கின்றன. முதலாவதை 1919இல் சில்வியா பீச் தொடங்கினார். அது 1941இல் மூடப்பட்டது. இரண்டாவதை ஜார்ஜ் விட்மன் 1951இல் வேறு பெயரில் தொடங்கி, 1964இல் இப்போதைய பெயருக்கு மாற்றினார். ஹெமிங்வே இரவல் வாங்கியதும் ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘யுலிசிஸ்’ வெளிவந்ததும் முதல் கடையில். இன்று வாசலில் நிற்கும் பயணிகளில் பலர் எல்லாம் இந்தக் கூரையின் கீழேயே நடந்ததாக எண்ணிக்கொள்வதற்குப் பெயர்தான் காரணம். இடமும் வேறு, முதலாளியும் வேறு. இரண்டிலும் தொடர்ந்து வந்தது ஒரு வழக்கம்: பிழைப்புக்கோ எழுத்துக்கோ ஊர் விட்டு வந்தவர்களுக்கு இடம் கொடுப்பது. அந்த வழக்கத்தின் வரலாறே இக்கடையின் வரலாறு.

சில்வியா பீச்சின் கடை

சில்வியா பீச் (1887–1962) அமெரிக்காவின் பால்டிமோரில் பிறந்தவர். தந்தை பிரெஸ்பிட்டேரியன் போதகர். தந்தைக்குப் பாரிஸில் திருச்சபைப் பணி கிடைத்ததால் சில்வியா பதின்பருவத்திலேயே அந்நகரைப் பார்த்துவிட்டார். முதல் உலகப்போர்க் காலத்தில் பிரெஞ்சு இலக்கியம் படிக்கத் திரும்பி வந்தபோது, ஓதெயோன் தெரு 7ஆம் எண்ணில் அத்ரியன் மொன்னியே என்ற பெண் நடத்திவந்த புத்தகக் கடைக்குள் நுழைந்தார். மொன்னியே விற்றதோடு நிற்காமல் சந்தா பெற்றுக்கொண்டு நூல்களை இரவலும் கொடுத்தார்; எழுத்தாளர்களை அழைத்து வாசிக்கவும் வைத்தார். இருவரும் வாழ்நாள் துணையாயினர்.

பீச்சின் முதல் திட்டம் நியூயார்க்கில் ஒரு பிரெஞ்சுப் புத்தகக் கடை. அந்த ஊர் வாடகைக்குக் கையிலிருந்த பணம் போதவில்லை. திட்டம் தலைகீழாகி, பாரிஸில் ஓர் ஆங்கிலப் புத்தகக் கடை என்றானது. தாய் அனுப்பிய 3,000 டாலரைக் கொண்டு துபுயித்ரென் தெரு 8ஆம் எண்ணில் ஒரு பழைய சலவைக் கடையை எடுத்து, 1919 நவம்பர் 19 அன்று திறந்தார். 1921இல் ஓதெயோன் தெரு 12க்கு, மொன்னியேயின் கடைக்கு எதிர்ப்புறம் மாறினார்.

கடையின் உயிர் இரவல் நூலகத்தில் இருந்தது. பவுண்டும் டாலரும் பிராங்கை விட வலுவாக இருந்த காலத்தில் லண்டனிலும் நியூயார்க்கிலும் அச்சான புதிய நூல்களைப் பாரிஸ் வாசகர் விலைக்கு வாங்குவது கடினம். இரவல் வாங்குவது எளிது. 1921 டிசம்பரில் பாரிஸ் வந்த ஹெமிங்வேயிடம் முன்பணத்துக்குக் காசு இல்லை. பிறகு கொடுத்தால் போதும் என்று சொல்லி நூல்களைக் கொடுத்தனுப்பினார் பீச். உறுப்பினர் பட்டியலில் கெர்ட்ரூட் ஸ்டைன், சிமோன் த பொவ்வார், வால்ட்டர் பெஞ்சமின், எமே செசேர் போன்றவர்களின் பெயர்கள் உண்டு. நிலையான முகவரி இல்லாமல் விடுதி மாறி விடுதி திரிந்த எழுத்தாளர்களுக்குக் கடிதங்கள் கடை முகவரிக்கே வந்தன. கைமாற்று வேண்டுமென்றாலும் கல்லாவில் கேட்டுப் பார்த்தார்கள். கடைக்கு மேலிருந்த அறையில் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தைல் குடியிருந்தார். சாவியை மறந்த நாட்களில் கடைப் பலகையைப் பிடித்து ஏறிப் பால்கனி வழியாக உள்ளே போவது அவர் வழக்கம்.

‘யுலிசிஸ்’ பதிப்பு

‘யுலிசிஸ்’ நாவலைத் தொடராக வெளியிட்ட ‘லிட்டில் ரிவ்யூ’ இதழின் ஆசிரியர்கள் மார்கரெட் ஆண்டர்சன், ஜேன் ஹீப் இருவருக்கும் 1921இல் நியூயார்க் நீதிமன்றம் ஆபாச எழுத்துக் குற்றத்துக்காக ஆளுக்கு 50 டாலர் அபராதம் விதித்தது. அதன்பின் ஆங்கிலம் பேசும் நாடுகளில் எந்தப் பதிப்பகமும் அதைத் தொடத் துணியவில்லை. பதிப்பு அனுபவம் சிறிதும் இல்லாத பீச், நானே போடுகிறேன் என்றார். பிரான்ஸில் ஆங்கில நூல் ஒன்றின் ஒழுக்கம் பற்றி அதிகாரிகள் கவலைப்படமாட்டார்கள் என்பது சாதகம்.

செலவுக்கு முன்பதிவு திரட்டப்பட்டது. மொத்தம் 1,000 பிரதிகள்: ஆசிரியர் கையொப்பமிட்ட 100 பிரதிகள் 350 பிராங்க், அடுத்த 150 பிரதிகள் 250 பிராங்க், மீதி 750 பிரதிகள் 150 பிராங்க். பெர்னார்ட் ஷாவிடமும் பதிவுப் படிவம் போனது. வயதான எந்த ஐரிஷ்காரனும் ஒரு புத்தகத்துக்கு இவ்வளவு விலை கொடுக்கமாட்டான் என்ற பொருளில் அவர் மறுத்து எழுதினார். அச்சிட்டவர் திஜோன் நகரின் மொரீஸ் தரந்தியேர். ஆங்கிலம் தெரியாத அச்சுக்கோர்ப்பவர்கள், ஒவ்வொரு மெய்ப்பிலும் பத்தி பத்தியாகச் சேர்த்துக்கொண்டே போன ஆசிரியர். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மெய்ப்புத் தாளிலேயே எழுதப்பட்டது. பிழை மலிந்ததில் வியப்பில்லை. முதல் பதிப்பிலேயே அதற்கு வருத்தக் குறிப்பு இருந்தது. ஜாய்ஸின் நாற்பதாவது பிறந்தநாளான 1922 பிப்ரவரி 2 அன்று, திஜோன் விரைவு ரயிலின் நடத்துநர் கையில் இரண்டு பிரதிகள் பாரிஸ் வந்து சேர்ந்தன. அமெரிக்கச் சந்தாதாரர்களுக்கான பிரதிகளில் ஒரு பகுதி கனடா வழியாக எல்லை தாண்டிக் கடத்தப்பட்டது; அந்த வழிக்கு ஆள் பிடித்துக் கொடுத்தவர் ஹெமிங்வே.

நூல் புகழ் சேர்த்தது, பணம் சேர்க்கவில்லை. வந்ததில் பெரும்பகுதி ஜாய்ஸின் முன்பணமாகவும் கடனாகவும் கரைந்தது. 1933 டிசம்பரில் அமெரிக்க நீதிபதி வுல்ஸி தடையை நீக்கித் தீர்ப்பளித்தார். மறு ஆண்டு ரேண்டம் ஹவுஸ் நூலை வெளியிட்டது. பீச்சுக்கு அதில் ஒரு காசும் வரவில்லை. இலக்கிய வரலாறுகள் இதைப் பதிப்பாளரின் தியாகம் என்று மெழுகிவிட்டுப் போகின்றன. பத்தாண்டுக்கு மேல் நூலைச் சுமந்தவருக்கு ஆசிரியர் காட்டிய நன்றிக்குறைவு என்பதே பொருத்தம்.

மூடல்

1929க்குப் பின் வந்த பொருளாதார மந்தத்தில் அமெரிக்கர்கள் ஊர் திரும்ப, கடை தள்ளாடியது. 1936இல் ஆந்த்ரே ழீத் முதலியோர் நண்பர் குழு ஒன்றைத் திரட்டிச் சந்தா சேர்த்தனர். உறுப்பினர்களுக்காக ழீத், வலேரி, எலியட், ஹெமிங்வே ஆகியோர் கடையில் வாசித்தனர். ஜெர்மானியப் படை பாரிஸைப் பிடித்த பின்னும் பீச் ஊரை விட்டுப் போகவில்லை. 1941 டிசம்பரில் ஜெர்மானிய அதிகாரி ஒருவர், காட்சிச் சாளரத்தில் இருந்த, ஜாய்ஸின் ‘பின்னகன்ஸ் வேக்’ நாவல் பிரதியைக் கேட்டார். அது கடைசிப் பிரதி, தரமாட்டேன் என்றார் பீச். கடையையே பறிமுதல் செய்வதாக மிரட்டிவிட்டு அவர் போனார். சில மணி நேரத்தில் நண்பர்கள் கூடி எல்லா நூல்களையும் மேல்மாடிக் குடியிருப்புக்கு ஏற்றினர். முகப்புப் பெயர்கூடச் சாயம் பூசி அழிக்கப்பட்டது. பீச் பின்னர் வித்தெல் தடுப்பு முகாமில் சுமார் ஆறு மாதம் இருந்தார். 1944 ஆகஸ்டில் விடுதலைப் படைகளோடு ஹெமிங்வே ஓதெயோன் தெருவுக்கு வந்து பீச்சைத் தேடிக் கண்டார். கடை மட்டும் மீண்டும் திறக்கவில்லை. பீச்சின் நினைவுக்குறிப்பு 1959இல் வெளிவந்தது. அவருடைய ஆவணங்கள் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் உள்ளன; இரவல் அட்டைகளைக் கொண்டு யார் எந்த நூலை எப்போது எடுத்தார் என்பதை அங்குள்ள ஆய்வாளர்கள் மின்வடிவில் தொகுத்திருக்கிறார்கள்.

விட்மனின் கடை

ஜார்ஜ் விட்மன் (1913–2011) நியூஜெர்சியில் பிறந்தவர். சிறுவயதில் தந்தையோடு சீனாவின் நான்ஜிங்கில் இருந்திருக்கிறார். 1930களில் மெக்சிகோ, நடு அமெரிக்கப் பகுதிகளில் பெரும்பாலும் கால்நடையாகச் சுற்றினார். வழியில் முகம் தெரியாதவர்கள் தந்த சோறும் படுக்கையும்தான் பிறகு அவர் நடத்திய கடைக்கு அடிப்படை. போருக்குப் பின் பாரிஸ் வந்து, 1951இல் பூஷ்ரி தெருவில் அரபுக்காரர் ஒருவரின் மளிகைக் கடையை வாங்கி ‘ல மிஸ்த்ரல்’ என்ற பெயரில் புத்தகக் கடையாக்கினார். நண்பர் லாரன்ஸ் பெர்லிங்கெட்டி 1953இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய ‘சிட்டி லைட்ஸ்’ இதன் சகோதரக் கடையாகக் கருதப்படுகிறது. கின்ஸ்பெர்க், பரோஸ் முதலிய பீட் தலைமுறை எழுத்தாளர்கள் இங்கே கூடினர். ஷேக்ஸ்பியரின் 400ஆம் பிறந்த ஆண்டான 1964இல் விட்மன் கடையின் பெயரை மாற்றினார். பீச் உயிரோடு இருந்தபோதே அதற்கு இசைந்தார் என்பது விட்மன் சொன்னது.

பீச் முகவரி கொடுத்தார் என்றால் விட்மன் படுக்கையே கொடுத்தார். அலமாரிகளுக்கு நடுவே பகலில் வாசகர் அமரும் பலகைகள் இரவில் கட்டிலாகின. காற்றில் உருண்டு வரும் முட்செடியின் பெயரால் ‘டம்பிள்வீட்’ என அழைக்கப்பட்ட இந்த விருந்தினர்களுக்கு வாடகை இல்லை. நிபந்தனைகள் மூன்று: தினம் ஒரு புத்தகம் படிக்க வேண்டும், கடையில் சிறிது நேரம் வேலை செய்ய வேண்டும், போகும் முன் ஒரு பக்கத்தில் தன்வரலாறு எழுதித்தர வேண்டும். அரைநூற்றாண்டுக்கு மேலாக ஏறத்தாழ 30,000 பேர் இப்படித் தங்கியதாகக் கடையின் கணக்கு. வணிகம் தெரிந்தவர் பார்வையில் இது பைத்தியக்காரத்தனம். ஆனால் திரும்பிப்போன ஒவ்வொருவரும் தம் ஊரில் கடையின் பெயரைச் சொன்னார்கள். எந்த விளம்பரத்துக்கும் கிட்டாத பரவல் அது. மாடியிலுள்ள, விற்பனைக்கில்லாத நூலகத்துக்குப் பீச்சின் பெயர். 1981இல் பிறந்த மகளுக்கும் அதே பெயர்.

இன்றைய நிலை

மகள் சில்வியா விட்மன் 2000களின் தொடக்கத்தில் நிர்வாகத்துக்கு வந்தார். கடைக்குத் தொலைபேசியும் கடன் அட்டை வசதியும் அவர் காலத்தில்தான் வந்தன. தொடக்கக் காட்சி இங்கு எடுக்கப்பட்ட ‘பிஃபோர் சன்செட்’ படம் 2004இல் வெளிவந்த பின் கூட்டம் பெருகியது. 2015இல் பக்கத்திலேயே காபிக்கடை திறந்தது. உள்ளே படமெடுக்க அனுமதி இல்லை என்பதைப் பயணிகள் நினைவில் கொள்வது நல்லது. வாங்கும் நூலில் கேட்டால் கடையின் முத்திரையைக் குத்திக் கொடுப்பார்கள். பிரான்ஸின் சாலைத் தொலைவுகள் அளக்கப்படும் தொடக்கப்புள்ளி நோத்ரதாம் முன் இருப்பதால் முத்திரையில் ‘கிலோமீட்டர் ஜீரோ’ என்றிருக்கும்.

பயணிகளை நம்பிய தொழிலின் பலவீனம் கொரோனா காலத்தில் தெரிந்தது. 2020 அக்டோபரில், மார்ச்சுக்குப் பின் விற்பனை 80 சதவீத அளவுக்கு வீழ்ந்துவிட்டதாகக் கூறிக் கடை வாசகர்களிடம் உதவி கேட்டது. வழக்கமாக வாரத்துக்கு நூறு போல வரும் இணைய ஆர்டர்கள் ஒரே வாரத்தில் 5,000ஐத் தாண்டின. கட்டில்களில் இன்றும் டம்பிள்வீட்கள் தூங்குகிறார்கள்.

ஓதெயோன் தெரு 12இல் இப்போது புத்தகக் கடை இல்லை. 1922இல் இவ்வீட்டில் சில்வியா பீச் ‘யுலிசிஸ்’ நாவலை வெளியிட்டார் என்று சொல்லும் கல்வெட்டு மட்டும் சுவரில் உண்டு. பூஷ்ரி தெருவிலிருந்து நடை தூரம், சுமார் ஒரு கிலோமீட்டர். வரிசையில் நிற்கத் தேவையில்லை.