மயிலாப்பூர் வீட்டில் தொடங்கிய துகளியல்

அணுக்கருவுக்குள் புரோட்டானையும் நியூட்ரானையும் பிடித்து வைத்திருக்கும் வலிய விசை பற்றிய கோட்பாட்டு ஆய்வு, தமிழ்நாட்டில் ஒரு வீட்டில் வேர்விட்டது. அரசியலமைப்பு வரைவுக் குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் மகன் அல்லாடி ராமகிருஷ்ணன், பிரின்ஸ்டனிலிருந்து திரும்பிய பிறகு, மயிலாப்பூரில் தம் குடும்ப வீடான ஏகாம்ர நிவாஸில் மாணவர்களைக் கூட்டி வகுப்பு நடத்தினார். 1960-இல் இயற்பியலாளர் நீல்ஸ் போர் அங்கே வந்தார். அவர் பாராட்டியது பிரதமர் நேருவின் காதுக்கு எட்டியது. மாநிலக் கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியமும் துணைநிற்க, 1962 ஜனவரி 3 அன்று சென்னையில் கணித அறிவியல் நிறுவனம் பிறந்தது. கட்டடத்துக்கு முன்பே மாணவர்கள் இருந்தார்கள் என்பதுதான் இதில் விசேஷம்.

அம்மாணவர்களில் ஒருவர் ஏ. பி. பாலச்சந்திரன். பின்னாளில் அமெரிக்காவின் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி, கவனிக்கப்படாமல் கிடந்த ஒரு கருத்துக்கு உயிர் கொடுத்தார். புரோட்டானைத் தனித் துகளாகக் கொள்ளாமல், மெசான் என்னும் துகள்களின் புலத்தில் விழுந்த அவிழாத முறுக்காகக் கருதலாம் என்று 1960-களின் தொடக்கத்தில் பிரிட்டனின் டோனி ஸ்கிர்ம் எழுதியிருந்தார். முறுக்குகளின் எண்ணிக்கையே, புரோட்டான், நியூட்ரான் போன்ற துகள்களைக் கணக்கிடும் பேரியான் எண். அதை அன்று பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. குவார்க் கோட்பாடு நிலைபெற்ற பின், 1982-இல் பாலச்சந்திரன், வி. பி. நாயர், எஸ். ஜி. ராஜீவ், ஸ்டெர்ன் நால்வரும் அதை மீட்டெடுத்தனர். அடுத்த ஆண்டே எட்வர்ட் விட்டன் அதற்கு வலுச்சேர்க்க, ஸ்கிர்மியான் எனப்படும் இந்த முறுக்கு அணுக்கரு ஆய்வில் நிலையான இடம் பிடித்தது.

இதற்கிடையே சென்னையின் கணித அறிவியல் நிறுவனம் தரமணிக்கு இடம் மாறியிருந்தது. 1983-இல் ராமகிருஷ்ணன் ஓய்வுபெற, 1984-இல் இயற்பியலாளர் இ. சி. ஜி. சுதர்சன் இயக்குநரானார். கமுதியில் பிறந்த ஜி. ராஜசேகரனும் அங்கே துகளியல் ஆய்வை வளர்த்தார்.