அபினிச் சார்பும் மூளையின் மரபணுச் செயல்பாடும்

அபினி என்பது கசகசாச் செடியின் முற்றாத காயைக் கீறும்போது வடியும் பால் உலர்ந்து கிடைக்கும் பொருளாகும். சித்த மருத்துவம் இக்காயைப் போஸ்தக்காய் என அழைக்கிறது. அபினியும் அதிலிருந்து பெறப்படும் மார்பின், ஹெராயின் முதலியவையும் ஓபியாய்டுகள் எனப்படும். இவற்றுக்குப் பழகியவர் ஏன் எளிதில் விடமுடிவதில்லை என்ற கேள்விக்கு நெடுங்காலம் "மன உறுதி இல்லை" என்பதே விடையாக இருந்தது.

இந்தியாவில் அபினி

கிழக்கிந்தியக் கம்பெனி அபினி வணிகத்தைத் தன் ஏகபோகமாக வைத்திருந்தது. 1820இல் காசிப்பூரில் தொடங்கப்பட்ட அபினி ஆலை இன்று மருந்துத் தேவைக்காக அரசால் நடத்தப்படுகிறது. 1893இல் அமைக்கப்பட்ட அரச அபினி ஆணையம், முழுத் தடை தேவையில்லை என்று 1895இல் அறிக்கை அளித்தது. அளவோடு உண்பது தீங்கா என்று அன்று விவாதித்தனர். மூளைக்குள் நிகழ்வதை அறிய அப்போது வழியில்லை.

ஆய்வகக் கண்டுபிடிப்புகள்

1973இல் மூளையில் ஓபியாய்டு ஏற்பிகள் இருப்பது நிறுவப்பட்டது. 1975இல் ஷைல் சர்மா, வெர்னர் க்ளீ, மரபுக்குறியீட்டு ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்ற மார்ஷல் நிரன்பர்க் ஆகியோர் வளர்ப்பு உயிரணுக்களில் ஒரு முக்கிய உண்மையைக் கண்டனர். மார்பின் முதலில் சைக்ளிக் ஏஎம்பி என்னும் செய்தி மூலக்கூறைக் குறைக்கிறது. தொடர்ந்து கொடுத்தால் உயிரணு அதை ஈடுகட்டப் பழகுகிறது. மார்பினை நிறுத்தியதும் அம்மூலக்கூறு இயல்பான அளவைத் தாண்டி உயர்கிறது.

பின்னர் எரிக் நெஸ்லர் முதலியோர் பெரும்பாலும் எலிகளில் செய்த ஆய்வுகள், இம்மாற்றம் மரபணுக்கள் வரை செல்வதைக் காட்டின. சைக்ளிக் ஏஎம்பி உயரும்போது கிரெப் என்னும் புரதம் தூண்டப்பட்டு, பல மரபணுக்களின் செயல்பாடு மாறுகிறது. மூளைத்தண்டிலுள்ள லோகஸ் செருலியஸ் பகுதியின் நரம்பணுக்கள் மருந்து நின்றதும் கட்டுமீறி இயங்குகின்றன. கண்ணீர், கொட்டாவி, மயிர்க்கூச்சு, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை ஆகிய விலகல் அறிகுறிகளுக்கு இது ஒரு முக்கியக் காரணம். இன்பவுணர்வுப் பகுதியில் சேரும் டெல்டா ஃபாஸ்பி என்னும் புரதமோ வாரக்கணக்கில் நிலைக்கிறது. இங்கு மரபணுவின் எழுத்துகள் மாறுவதில்லை. எந்த மரபணு எவ்வளவு படிக்கப்படுகிறது என்பதே மாறுகிறது.

சிகிச்சையும் சட்டமும்

உடல் அறிகுறிகள் சில நாட்களில் தணிந்தாலும் மூளை முழுமையாக மீள நாளாகும். இடைப்பட்ட காலத்தில் உடலின் தாங்குதிறன் குறைந்துவிடுவதால், பழைய அளவை மீண்டும் எடுப்பவர் மூச்சு நின்று இறக்க நேரிடலாம். ஆகவே, சில நாள் அடைத்துவைப்பது மட்டும் சிகிச்சையாகாது. புப்ரெனார்ஃபின் போன்ற மருந்துகளும் நீண்டநாள் கவனிப்பும் தேவை.

சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை, போதைச் சார்பை நோயாகக் கருதிச் சிகிச்சையளித்த முன்னோடி நிறுவனங்களுள் ஒன்று. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் பயன்படுத்துவோரையும் தண்டிக்கிறது. எனினும், தாமே முன்வந்து சிகிச்சை பெறும் போதைச் சார்புடையோருக்கு, சில நிபந்தனைகளுடன், வழக்கிலிருந்து விலக்களிக்க அதன் 64ஏ பிரிவு இடமளிக்கிறது. 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி இந்தியாவில் சுமார் 2.26 கோடிப் பேர் ஓபியாய்டுகளைப் பயன்படுத்துகின்றனர்.