மோனேயின் தோட்டம் - இரண்டு முறை பிறந்த கதை

பாரிசிலிருந்து ஒரே நாளில் போய் வரக்கூடிய இடங்களில் ஜிவெர்னிக்கு எப்போதும் மவுசு உண்டு. ஓவியர் கிளாட் மோனே 43 ஆண்டுகள் வாழ்ந்த கிராமம் அது. சான் லாசார் நிலையத்தில் ரயில் ஏறினால் சுமார் ஐம்பது நிமிடத்தில் வெர்னோன். அங்கிருந்து பஸ். அந்த சான் லாசார் நிலையத்தையே 1877-ல் புகையும் இரைச்சலுமாக வரைந்தவர்தான் மோனே!

தனியாக வருபவருக்கு ஒரு வசதி. மஞ்சள் நிறச் சாப்பாட்டு அறையிலும், குளத்தங்கரையிலும் வேண்டிய நேரம் நிற்கலாம். அப்படி நிற்பவர்கள், மோனே விட்டுப்போனது அப்படியே இருக்கிறது என்றுதான் நினைப்பார்கள். உண்மை அதுவல்ல.

1883-ல் மோனே இங்கே வாடகைக்குத்தான் வந்தார். கையில் காசில்லை, பிள்ளைகளோ, துணைவி அலிஸின் பிள்ளைகளையும் சேர்த்து எட்டுப் பேர். 1886-ல் வியாபாரி துராண்ட் ருயேல் நியூயார்க்கில் கண்காட்சி நடத்தினார். அமெரிக்கர்கள் வாங்கத் தொடங்கினார்கள். 1890-ல் வீடு சொந்தமானது. 1893-ல் ரயில் பாதைக்கு அப்பால் நிலம் வாங்கி, ஓடையிலிருந்து நீரைத் திருப்பிக் குளம் வெட்ட அனுமதி கேட்டார். வெளிநாட்டுச் செடிகள் தண்ணீரைக் கெடுத்துவிடும் என்று ஊரார் எதிர்த்தார்கள். கடைசியில் அனுமதி கிடைத்தது. உலகப் புகழ்பெற்ற அல்லிக்குள ஓவியங்கள் அந்தக் குளத்தில் பிறந்தவைதான். கண்புரையால் பார்வை மங்கியபோதும் அவர் வரைவதை விடவில்லை.

1926-ல் மோனே மறைந்தார். அதன்பின் தோட்டத்தைக் காத்தவர் பிளான்ஷ். அலிஸின் மகள், மோனேயின் மூத்த மகனை மணந்தவர், தானும் ஓர் ஓவியர். 1947-ல் அவரும் இறந்ததும் எல்லாம் பாழாகத் தொடங்கியது. ஜப்பானியப் பாலம் உளுத்துப்போனது. களைகள் பாதைகளை மூடின. 1966-ல் இளைய மகன் மிஷேல் கார் விபத்தில் இறந்தபோது, சொத்து பிரான்சின் நுண்கலை அகாடமிக்குப் போனது.

1977-ல் ஜெரால்ட் வான் டெர் கெம்ப் சீரமைப்புப் பொறுப்பை ஏற்றார். பழைய புகைப்படங்களை வைத்துப் பாத்திகளை மீண்டும் போட்டார்கள். குளத்தைத் திரும்ப வெட்டி, பாலத்தைப் புதிதாகக் கட்டினார்கள். செலவில் பெரும்பங்கு அமெரிக்க நன்கொடை. முதல் தடவை ஓவியம் வாங்கியும், இரண்டாம் தடவை சும்மா கொடுத்தும், அமெரிக்கப் பணமே இந்தத் தோட்டத்தை உருவாக்கியது! 1980-ல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள்.

அப்படியானால் இது மோனேயின் தோட்டம்தானா? ஓவியத்துக்குச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிடலாம். தோட்டத்தை அப்படி விட்டுவிட முடியாது. ஒவ்வோர் ஆண்டும் மறுபடி நட்டாக வேண்டும். மோனேயும் தோட்டக்காரர்களை வைத்து அதைத்தான் செய்தார். இன்றும் அதுவே நடக்கிறது.

பாலத்தில் நின்று படம் எடுப்பவர்கள் மோனேயை நினைப்பார்கள். கூடவே பிளான்ஷையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளலாம். கவனிக்க ஓர் ஆள் இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய மேதையின் தோட்டமும் முப்பது வருடத்தில் காடாகிவிடும்.